முப்பது நாள் மூச்சு

காலை ஆறு மணிக்குக் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த பெட்டி உச்சியண்ணனைப் பார்த்துச் சிரித்தது. நிஜமாகவே சிரித்தது. ஒன்பது நாளாக வாயைத் தொங்கப்போட்டுக்கொண்டு அழுதுவடிந்த அந்தச் சின்னத் திரை முகம், பத்தாம் நாள் பச்சை நிறத்தில் காதுவரை வாயை இழுத்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஐந்து மணி நேரம் நாற்பது நிமிடம் என்று இருந்தது. உச்சியண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். மாஸ்க் அதன் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. எப்போது கழற்றினோம், எப்போது மாட்டினோம், ஒன்றும் நினைவில்லை. ஆனால் மெஷின் பொய் சொல்லுமா என்ன?

"ஏய், இங்க வந்து பாரேன்! அஞ்சே முக்கா மணி நேரம்! முழுசா போட்டுக்கிட்டே தூங்கியிருக்கேன்!"

"நான்தான் சொன்னேன்ல, போகப் போகப் பழகிடும்னு" என்றார் அண்ணி, அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமலே.

கட்டுமான இடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பதினாறு வருஷமாக டவர் கிரேனின் உச்சிக் கூண்டில் உட்கார்ந்து, அறுபது மீட்டர் உயரத்திலேயே சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு, பொழுது சாயும்போது மட்டும் தரைக்கு வருகிற மனிதரை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? அவர் உச்சியண்ணன் ஆனதால் அவர் மனைவி எல்லோருக்கும் அண்ணி. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மதியம், ஒன்றரை டன் கம்பிக் கட்டு அந்தரத்தில் அப்படியே நின்றுபோனது. கீழிருந்து சைகை காட்டுகிற விசில்காரர் வாக்கிடாக்கியில் பதினோரு தடவை கூப்பிட்டாராம். உச்சியண்ணனுக்குக் கேட்டது பதினோராவது தடவை மட்டும்தான். கண்ணை ஒருமுறை மூடித் திறந்ததாகத்தான் அவர் நினைத்தார். இரண்டரை நிமிடம் என்றார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் ஏணி வழியாக இறங்கியபோது கூண்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி உடம்பெல்லாம் வயர் சுற்றிப் படுக்கவைத்து, தூக்கத்தில் மணிக்கு நாற்பத்தொரு தடவை மூச்சு நிற்கிறது என்று கண்டுபிடித்தார்கள்.

"நாப்பத்தொன்னா? அப்ப நான் எப்பதான் சார் தூங்குறேன்?" என்று கேட்டார்.

"அதைத்தான் நாங்களும் கேக்குறோம்" என்றார் டாக்டர்.

சேஃப்டி ஆபிசர் கறாராகச் சொல்லிவிட்டார். தூக்கத்தில் மூச்சு நிற்காமல் மூக்கு வழியாகக் காற்றைத் தள்ளுகிற மெஷினை ராத்திரி மாட்டிக்கொள்ள வேண்டும். முப்பது நாளில் இருபத்தோரு நாளாவது நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடியிருக்க வேண்டும். அதற்கு ஆஸ்பத்திரியிலிருந்து காகிதம் வந்தால் சாவி. வராவிட்டால், இப்போது தற்காலிகமாக மேலே உட்கார்ந்திருக்கிற மாற்று ஆபரேட்டருக்கே அந்த இடம். அதுவரைக்கும் உச்சியண்ணனுக்கு வாசலில் வேலை. வருகிறவர்களுக்கு ஹெல்மெட் எடுத்துக் கொடுப்பது, போகும்போது திருப்பி வாங்கி வைப்பது. "என்ன உச்சியண்ணே, தரையில காத்து எப்படி இருக்கு?" என்று கேட்காத ஆள் பாக்கியில்லை. அவரும் சிரித்துவைத்தார். சிரித்துவிட்டு, தலைக்கு மேலே வேறொருவர் கையில் சுற்றுகிற தன் கிரேனை அண்ணாந்து பார்ப்பார். திருப்பும்போது ஒரு வெட்டு வெட்டுகிறான் பாவி, பிரேக்கைப் போட்டுத் தேய்க்கிறான் என்று வயிறு எரியும்.

ஆனால் அந்த மாஸ்க் இருக்கிறதே! அறுபது மீட்டர் உயரத்தில் காற்றடிக்கும்போது கூண்டு ஆடினாலும் அசராத மனிதர், மூக்கில் அந்த ரப்பரை வைத்ததும் நடுங்கிப்போனார். மூச்சை விடப் போனால் அது உள்ளே தள்ளுகிறது. நம்முடைய மூச்சை வேறு யாரோ விடுகிற மாதிரி, தண்ணீருக்குள் தலையைப் பிடித்து அமுக்குகிற மாதிரி. பல்லைக் கடித்துக்கொண்டு எப்படியோ தூங்கிப்போனாலும், தூக்கத்திலேயே கை போய் அதைப் பிடுங்கிப் போட்டுவிடும். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். ஒன்பது நாளும் அதே கதை. கணக்குப்படி இனி ஒரு நாள்கூடத் தவறக்கூடாது என்ற நிலைமையில்தான் பத்தாம் நாள் பெட்டி சிரித்தது.

அதற்குப் பிறகு தினமும் சிரித்தது. உச்சியண்ணன் வாசலில் நின்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டார். இரண்டே இரண்டு விஷயம்தான் அவருக்குப் பிடிபடவில்லை. ஒன்று, ஒவ்வொரு ராத்திரியும் மாஸ்க்கின் பட்டையைத் தளர்த்த வேண்டியிருந்தது. நேற்றுச் சரியாக இருந்தது இன்று நெற்றியைக் கவ்வுகிறது. "தலைக்கனம்னு சொல்வாங்களே, நிஜமாவே ஏறுது போல" என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டார். இன்னொன்று, தூக்கம் தீரவில்லை. ஒரு மதியம் யாருக்கோ ஹெல்மெட்டை நீட்டியவர் நீட்டியபடியே கண்ணயர்ந்துவிட்டார். வாங்க வந்தவர் நல்ல மனிதர், அதைப் பிடுங்கிக்கொள்ளாமல் தோளைத் தட்டினார்.

முப்பத்தோராம் நாள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தரைத்தளத்தில் ஒரு சின்ன அறை, சுவர் முழுக்க விதவிதமான மாஸ்க்குகள். மெஷினைப் பார்த்துக்கொள்கிற பெண் பெட்டியிலிருந்து கார்டை உருவிக் கம்ப்யூட்டரில் சொருகினாள். "பரவாயில்லையே சார், இருபத்தோரு நாள் சரியா வந்திருக்கு" என்று முதலில் சிரித்தாள். உச்சியண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி சுவரிலிருந்த மாஸ்க்குகளைப் பார்த்தார். அந்தப் பெண் அடுத்த பக்கத்துக்குப் போனாள். அப்புறம் இன்னொரு பக்கம். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"சார், ராத்திரி நடுவுல எழுந்திருப்பீங்களா? பன்னெண்டேகால் வாக்குல?"

"இல்லையேம்மா. அடிச்சுப் போட்ட மாதிரி கிடப்பேன்."

"தினமும் பன்னெண்டு வரைக்கும் உங்க தொண்டை அடைக்குது, மெஷின் அழுத்தத்தை ஏத்திக்கிட்டே போகுது. அப்புறம் பத்து நிமிஷம் நிக்குது. திரும்ப ஆரம்பிச்சா அழுத்தமே ஏறல. தொண்டை நல்லா திறந்திருக்கு, மூச்சும் சின்னதா இருக்கு. இது..." அவள் தயங்கினாள். "இது உங்க மூச்சு இல்ல சார்."

உச்சியண்ணனுக்கு ராத்திரிதோறும் நெற்றியைக் கவ்விய பட்டையின் ஞாபகம் வந்தது. மெல்லத் திரும்பினார். அண்ணி முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பாதி ராத்திரில பிடுங்கிப் போட்டுடுவாரும்மா" என்றார் அண்ணி, அவரைப் பார்க்காமல் அந்தப் பெண்ணிடம். "அது கீழ கிடந்து சீறிக்கிட்டே இருக்கும். எழுப்பி மாட்டிவிட்டா மறுபடியும் பிடுங்குவாரு. மனுஷன் சீட்டு போயிடுமேன்னு சாப்பாடே இறங்காம கிடக்குறாரு. ஓடினா மணி ஏறுதில்ல, யார் மாட்டினா என்னன்னு நான் மாட்டிக்கிட்டேன். ஸ்கூல்ல ஒருத்திக்கு இன்னொருத்தி ஆஜர் சொல்ற மாதிரிதானேன்னு நினைச்சேன்."

"அக்கா, உங்களையும் டாக்டர்கிட்ட காட்டணும் போல இருக்கு" என்றாள் அந்தப் பெண், திரையை அவர்கள் பக்கம் திருப்பி. "உங்க தொண்டையில அடைப்பே இல்ல. ஆனா நடுவுல நடுவுல உங்களுக்கும் மூச்சு நிக்குது. இங்க பதினஞ்சு செகண்டு. இங்க இருபது. ராத்திரி பூரா இப்படியே. தூங்கினவங்க மூச்சு மாதிரியும் தெரியல."

"நான் எங்க தூங்கினேன்? இவர உலுக்கணும்ல."

"எதுக்கு?"

"மூச்சு நின்னா உலுக்கினாத்தான் திரும்ப வரும்." சோறு வடித்தால் கஞ்சி வரும் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் அண்ணி.

"சரிக்கா, அது அவர் மூச்சு. உங்களுது ஏன் நிக்குது?"

"என்னுது நிக்குதா?" அண்ணிக்கே அது புதிதாக இருந்தது. கொஞ்ச நேரம் திரையிலிருந்த கோட்டையே பார்த்தார். "ஓ, அதுவா. இவருக்கு நின்னுடுச்சுன்னா வருதா வருதான்னு காது குடுத்துக்கிட்டு இருப்பேன். என் மூச்சு சத்தம் நடுவுல வந்தா இவரோடது கேக்காதே."

மெஷின் பெண் கீ-போர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். உச்சியண்ணன் திரையைப் பார்த்தார். ஏறி இறங்கிக்கொண்டே வந்த கோடு திடீரென்று தரையாகிக் கிடக்கிறது. மறுபடி ஏறுகிறது, மறுபடி தரை. ஒவ்வொரு தரையும் அவருடையது. அவர் செத்துப்போய்த் திரும்பிய இடம் ஒவ்வொன்றையும் இவள் உடம்பில் குறித்து வைத்திருக்கிறாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அந்தச் சின்னப் பெண்ணுக்கு முன்னால் அழவும் வெட்கமாக இருந்தது.

அண்ணி சட்டென்று சுதாரித்துக்கொண்டார். "கம்பெனில முதல் பக்கம்தானே கேக்குறாங்க? அதுல மணி மட்டும்தானே இருக்கு? அத மட்டும் குடுத்துடும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"மணி மட்டும்தான் அக்கா கேக்குறாங்க" என்றாள் அவள். "ஆனா கையெழுத்து நான் போடணுமே."

உச்சியண்ணன் கண் முன்னால் விசில்காரர் வந்தார். மேலேயிருந்து பார்த்தால் அவருக்கு முகம் கிடையாது, ஒரு மஞ்சள் ஹெல்மெட்டும் ஆட்டுகிற இரண்டு கையும்தான். அந்தக் கையை நம்பி இவர் சுமையை இறக்குகிறார், இவர் கண்ணை நம்பி அந்தத் தலை கீழே நிற்கிறது. ஒரு கையெழுத்து விழுந்தால் நாளைக்கே மேலே ஏறிவிடலாம். பதினாறு வருஷத்து நாற்காலி, உட்கார்ந்து உட்கார்ந்து இவர் இடுப்புக்கென்றே குழிந்துபோனது. ஆசை அப்படி இழுத்தது.

"அழிச்சிடும்மா" என்றார்.

"கார்டையா?"

"எல்லாத்தையும். ஒண்ணாம் நாள்லேர்ந்து போடு."

திரும்பி வந்து வீட்டுப் படியில் ஏறும்போது அண்ணி வெடித்தார். "இருபத்தோரு ராத்திரி முழிச்சிருக்கேன். ஒரே வார்த்தையில அழிச்சிட்டீங்க!"

"இருபத்தோரு ராத்திரியா? எத்தனை வருஷம்னு சரியா சொல்லு."

அண்ணி பூட்டைத் திறந்தார்.

மறுநாள் சேஃப்டி ஆபிசரிடம் போய் உச்சியண்ணன் நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, இன்னும் முப்பது நாள் கேட்டார். ஆபிசர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார். "சரி, நான் மேல பேசிப் பாக்குறேன். அவங்க கூடிப் பேசுறது மூணாவது வாரம் ஞாயித்துக்கிழமை. அங்கேர்ந்தே உனக்குப் போன் பண்றேன், உன் வாயால ரெண்டு வார்த்தை கேக்கணும்பாங்க. அடிச்ச உடனே எடுத்துடு. எடுக்கலேன்னா, இப்ப மேல உக்காந்திருக்கிற அந்தாளுக்கு ஆர்டர் தயாரா இருக்கு, சொல்லிட்டேன்."

இந்த முறை மெஷின் பெண் சொன்னபடி பகலிலேயே பழகினார். முழித்திருக்கும்போது மாட்டிக்கொண்டு டிவி பார்ப்பது, பேப்பர் படிப்பது. முதலில் பத்து நிமிடம், பிறகு அரை மணி, ஒரு மணி. தள்ளுகிற காற்றோடு சண்டை போடாமல் அதன் போக்கில் விட்டால் அதுவும் சும்மா இருக்கிறது என்பது மெல்லப் புரிந்தது. ராத்திரிக் கணக்கும் இரண்டு, மூன்று என்று ஏறி, பதினேழாம் நாள் நாலைத் தாண்டியது. வாசலில் அவர் கண் சொக்குவது குறைந்திருந்தது. ஆனால் அண்ணி தூங்கவில்லை. அவர் மாஸ்க்கோடு ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தாலும் பக்கத்தில் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டிருப்பார்.

"மெஷின்தான் பாத்துக்குதே, நீ தூங்கித் தொலையேன்" என்று உச்சியண்ணன் ஒருநாள் கத்தினார்.

"எனக்கு மட்டும் ஆசையில்லையா? அதை நம்பி எப்படிங்க கண்ணை மூடுறது?" என்றார் அண்ணி.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் சோபாவில் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலியில் அண்ணி, மடியில் முறம், முறத்தில் பச்சைப் பட்டாணிக் காய். நடுவிலிருந்த சின்ன மேஜையில், அண்ணியின் முழங்கையை ஒட்டினாற்போல, அவருடைய போன். கீழ் வீட்டுக்காரிக்கும் அவள் நாத்தனாருக்கும் நடந்த சண்டையை அண்ணி ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் மாஸ்க்குக்குள்ளிருந்து 'ம்' கொட்டினார். "எதுத்துப் பேச முடியாம வாயைக் கட்டிப்போட்டது நல்லதாப் போச்சு" என்று சிரித்தார் அண்ணி. "அப்புறம் கேளுங்க, அந்த நாத்தனார் நேரா மாடிப்படியில ஏறி வந்து, ஏன்டி, நீ மட்டும் என்னன்னு..."

பேச்சு அங்கேயே நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

அண்ணி தூங்கிப்போயிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து உட்கார்ந்தபடி இவர் தூங்கித்தான் அண்ணி பார்த்திருக்கிறார், அண்ணி தூங்கி இவர் பார்த்ததில்லை. முகத்தில் எந்தக் காவலும் இல்லை. எவ்வளவு களைத்த முகம் அது என்று இப்போதுதான் தெரிந்தது.

மேஜையில் போன் அதிர ஆரம்பித்தது. சேஃப்டி ஆபிசர். பேச வேண்டுமென்றால் மாஸ்க்கைக் கழற்ற வேண்டும். கழற்றினால் காற்று சீறும், மெஷின் சத்தம் மாறும். மூச்சுச் சத்தம் மாறுகிறதா என்றுதான் அண்ணியின் காது இத்தனை வருஷமாகக் காத்துக்கொண்டிருக்கிறது. உச்சியண்ணனின் கை பட்டை வரைக்கும் போனது. மேஜை மரத்தில் போன் கடகடவென்று ஆடியபோது அண்ணியின் புருவம் சுருங்கியது.

கை பட்டையை விட்டது. குழாய் எட்டுகிற மட்டும் குனிந்து, இரண்டு விரலால் போனை நகர்த்தி எடுத்து, சோபாக் குஷனுக்கு அடியில் சொருகி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். அது அவருக்குக் கீழே துடித்துத் துடித்து அடங்கியது. சற்றுப் பொறுத்து மறுபடியும் துடித்தது. மெஷின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. எதிரே அண்ணியின் தலை மெல்லச் சரிந்து நாற்காலி முதுகில் சாய்ந்தது. விரல்களுக்கு நடுவில் பிளந்த காய் அப்படியே இருந்தது, அதற்குள் உதிர்க்காத நாலு பட்டாணி.