எதிரே வராதவள்

விசாரணை நாளன்று, தம்பி வீட்டார் எழுந்திருக்கும் முன்பே வேலாயி விறகுக் கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. தாலி அறுத்த நாளிலிருந்து ஒளிந்துகொள்வது அவளுக்குக் கைவந்த கலை. தினமும் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்படிக்கும் முன்பே, வரிசை வீடுகளான லயத்தை விட்டுக் கிளம்பிவிடுவாள். காலையில் எழுந்ததும் முதல் முகமாக ஒரு அறுதலியின் முகத்தில் யாரும் விழித்துத் தொலைக்கக் கூடாதே. கொழுந்துக் கூடையோடு மலையில் நிற்கும்போது மட்டும் அந்த முகத்தில் ஒரு தோஷமும் இல்லை. தோட்டத் துரைக்கு அவள் ஒருநாளும் சகுனத்தடையாக இருந்ததில்லை. அவள் கை பட்ட தேயிலை கப்பலேறி நல்லபடியாகவே சீமைக்குப் போய்ச் சேர்ந்தது.

தம்பி நல்லமுத்துவுக்கு அன்று ஹட்டனில் பிரஜாவுரிமை விசாரணை. கிடைத்தால் அவனும் பெண்டாட்டி பிள்ளைகளும் இந்த நாட்டு மனிதர்கள். கிடைக்காவிட்டால் என்றைக்கிருந்தாலும், பிள்ளைகள் கண்ணால் கண்டிராத ஒரு ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அதனால் அவன் மனைவி லெட்சுமி சகுனத்தை விதியின் கையில் விட்டுவைக்கவில்லை. பூனையைப் பிடித்துக் கூடையால் கவிழ்த்தாள். எதிர்க் காம்பராவில் குடியிருக்கும் வீரய்யா ஓயாத தும்மல்காரர். அவர் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பாவம். பக்கத்துக் காம்பரா ராசம்மா மஞ்சள் பூசிக் குளித்து, நிறைகுடத்தோடு மூலையில் காத்து நின்று, நல்லமுத்து படியிறங்கியதும் தற்செயலாக வருவதுபோல எதிரே வந்தாள்.

கொட்டில் பலகையில் விரல் அகலத்துக்கு ஒரு சந்து இருந்தது. வேலாயி அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். செருப்புச் சத்தம் பாதையில் இறங்கித் தேயும் வரை மூச்சைக்கூட அடக்கித்தான் விட்டாள். தூக்கி வளர்த்த தம்பி. புது வேட்டியில் எப்படி இருக்கிறான் என்று பார்க்க ஆசைதான். பார்க்கவில்லை.

சாயங்காலம் பொகவந்தலாவை பஸ்ஸில் வந்து இறங்கியவனின் முகமே சேதியைச் சொல்லிவிட்டது. இந்தியாவுக்குப் போனதுண்டா என்று அதிகாரி கேட்டாராம். இவன் மறைக்கவில்லை. யுத்தம் முடிந்த மறுவருஷம் போனதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னானாம்.

போனதும் வேலாயியை முன்னிட்டுத்தான். அவள் புருஷன் காய்ச்சலில் செத்ததும், இது குலசாமி கோபம், ஊருக்குப் போய்க் கிடா வெட்டினால்தான் தீரும் என்று கோடாங்கி குறி சொன்னான். நல்லமுத்து முசிறிப் பக்கத்துச் சொந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தான். திருவிழாவுக்கு முதல் நாள் பங்காளி வீட்டில் ஒரு கிழவர் செத்துப்போனார். தீட்டு. கிடா வெட்டக் கூடாது. வெட்டாமல் திரும்பினால் சாமி குத்தம். ஆகவே அடுத்த பங்குனி வரை அங்கேயே கிடந்து, அந்தக் கிடாவை மேய்த்துக்கொண்டிருந்து, வெட்டிவிட்டுத்தான் கப்பலேறினான். ஒரு வருஷத்துக்கு மேல் தீவை விட்டுப் போயிருந்தவனுக்குப் பிரஜாவுரிமை கிடையாது என்று அதிகாரி கையை விரித்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம்.

இவ்வளவையும் நல்லமுத்து தன் வாயாலேயே சொன்னான். காரணம் வெட்ட வெளிச்சம். இருந்தும் லயமே கூடி நின்று காரணத்தைத் தேடியது. குடம் தளும்பத் தளும்ப இருந்ததென்று ராசம்மா சத்தியம் செய்தாள். பூனை கூடைக்குள்தான் கிடந்தது. வீரய்யா தும்மவேயில்லை. கடைசியில் எல்லார் கண்ணும் வேலாயி பக்கம் திரும்பியது.

"நான் வெளியவே வரல தம்பி" என்றாள் வேலாயி. பிறகு, சொல்லியிருக்க வேண்டாத ஒன்றையும் சொன்னாள். "நீ அங்க ஒரு வருசம் தங்குனதுனாலதானே..."

நல்லமுத்து அவளையே பார்த்தான். கோபமில்லை. ஏதோ கெஞ்சுவது போலிருந்தது.

"அப்படின்னா எம் புள்ளைங்க தலையில நானே மண்ணள்ளிப் போட்டேன்னு ஆகுதேக்கா. சாமிக்குச் செஞ்சது குத்தமா? நீ பாத்தேன்னு சொல்லிரு. பாக்கலைன்னா, நான் யாரைத்தான் சொல்றது?"

யாரைச் சொல்வது? அதிகாரியைச் சொல்ல முடியாது, அவர் ஹட்டனில் இருக்கிறார். சர்க்காரைச் சொல்ல முடியாது, அது கொழும்பில் இருக்கிறது. சாமியைச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது வேலாயி ஒருத்திதான்.

 அவள் தம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"பலகைச் சந்துல பாத்துட்டேன் தம்பி" என்றாள்.

அவ்வளவுதான், செத்த வீடாகக் கிடந்த காம்பராவுக்கு உயிர் வந்துவிட்டது. லெட்சுமி வாய்க்கு வந்தபடி ஏசினாள். அப்போதே நினைத்தேன் என்றார் வீரய்யா, மூக்குத் துண்டை அவிழ்த்துக்கொண்டே. நல்லமுத்து பெருமூச்சு விட்டு, முகம் கழுவி, சோறு போடச் சொன்னான். நன்றாகவே சாப்பிட்டான். வேலாயியின் பாயும் சட்டியும் இஸ்தோப்புக்கு வந்தன. காம்பராவுக்கு வெளியே, குளிர்காற்று அடிக்கிற அந்த ஒட்டுத் திண்டுதான் இனி அவளுக்கு வீடு. கோடாங்கி, குலசாமிக்கு இன்னொரு கிடா நேர்ந்துகொள்ளச் சொன்னான்.

மறுநாள் தப்படிக்கும் முன்பே வேலாயி கூடையோடு இறங்கினாள். கீழ் லயத்துச் சிவசாமிக்கு அன்று விசாரணை. பெண்டாட்டி பிள்ளைகளோடு அவன் வரும் பேச்சுச் சத்தம் மூடுபனிக்குள் கேட்டது. வேலாயி சட்டென்று பாதையோரத்து மழைநீர்க் கானுக்குள் இறங்கி, தேயிலைச் செடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

மூடிய கண்ணுக்குள், பலகைச் சந்து வழியாக, தம்பி படியிறங்கிப் போனான். அந்தப் புது வேட்டியின் கரை வரைக்கும் துல்லியமாகத் தெரிந்தது. பார்த்துத்தான் தொலைத்தோமோ என்று பதறிக் கண்ணைத் திறந்தாள்.

"பாவி, தம்பி புள்ளைங்க வாழ்க்கையைக் கெடுத்துப்புட்டேனே" என்று செடியைப் பார்த்துச் சொன்னாள்.