குற்றாலிங்கத்தைக் கொண்டு திறக்கவும்

எங்கள் ஊர்க் கம்ப்யூட்டர்களில் இனந்தெரியாத ஃபைல் வந்தால், அதைத் திறக்க அவை ஆள் கேட்கும். ‘இந்தக் கோப்பை யாரைக் கொண்டு திறப்பது?’ என்று திரையில் வரும். கீழே உள்ளூர்ப் பெயர்கள் இரண்டு மூன்று இருக்கும். அவர்களில் ஒருவரைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தால், திரையைத் தொட்டுக்கொண்டு வாயைத் திறப்பார். ஃபைலில் உள்ளது வெளியே வந்துவிடும். துபாயிலிருந்து வந்த ஒரு வீட்டு வரைபடத்தை ரேஷன் கடையில் எடை போடுகிறவர்தான் திறந்து சொன்னார். அந்த வீடு நன்றாகத்தான் நிற்கிறது, மாடிப்படி மட்டும் கொஞ்சம் செங்குத்து.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் அம்பலவாணன், செத்துப்போன தன் அம்மாவின் பழைய போனிலிருந்து எடுத்த மெமரி கார்டுடன் மைதீனின் நெட் சென்டருக்கு வந்தார். அதில் ஒரே ஒரு ஃபைல். அம்மா கண்ணை மூடிய அன்றைய தேதி. அதில் அவள் குரல் இருக்கும், அதை இன்னொரு தடவை கேட்டால்தான் இனிமேல் சோறு இறங்கும் என்ற நிலையில் இருந்தார் மனுஷர்.

மைதீன் திரையைப் பார்த்தான். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “ஒரே பேருதான் காட்டுது அண்ணாச்சி. ஒங்க தம்பி.”

அம்பலவாணனுக்கு உடம்பெல்லாம் கூசியது. தம்பி குற்றாலிங்கம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். சாதி விட்டுக் கல்யாணம் முடித்தவன். ஆறு வருஷத்துக்கு முன்பு அம்மா இறந்தபோது, சாவுச் செய்தி சொல்லவேண்டியவர்களின் பட்டியலை அம்பலவாணன்தான் எழுதினார். முதல் பெயராகத் தம்பியை எழுதி, நாலு பேர் என்ன பேசுவார்களோ என்று அவரே அதை அடித்தார். புளியங்குடியில் இருக்கும் மூன்றாம் வகைச் சொந்தத்துக்கெல்லாம் ஆள் போனது. இரண்டு தெரு தள்ளியிருந்தவனுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்துத்தான் அவன் தெரிந்துகொண்டான். அதிலும் அவன் பெயர் இல்லை. அன்றிலிருந்து அம்பலவாணன் காய்கறி வாங்கக்கூட ரயில்வே கேட்டுப் பக்கம் போவதில்லை.

“வால மாத்திப் பாரேன்,” என்றார், காதோடு காதாக.

ஃபைல் பெயரின் கடைசியில் ஒரு புள்ளியும் அதன்பின் மூன்று எழுத்தும் இருக்கும். அதுதான் வால். கூப்பிடக் கூச்சமான பெயர் வந்துவிட்டால் வாலை மாற்றி வேறு ஆளை வரவழைப்பது எங்கள் ஊரில் நடக்கிற காரியம்தான். ஆனால் கேட்டுப்பாருங்கள், செய்தேன் என்று ஒருத்தன் சொல்லமாட்டான். மைதீன் மாற்றினான். டெய்லர் பிச்சையாவின் பெயர் வந்தது.

பிச்சையா கழுத்தில் இஞ்சு டேப்போடு வந்து உட்கார்ந்தார். திரையைத் தொட்டு வாயைத் திறந்தார்.

“கட்டம். கட்டம். கேள்விக்குறி. கட்டம். கட்டம்,” என்றார்.

ஆள் மாறித் திறந்தால் உள்ளதெல்லாம் இப்படிக் கட்டமாகத்தான் வரும். பதினோரு நிமிஷம் அப்படியே போயிற்று. ஆதார் திருத்த வந்தவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு இடத்தில் பிச்சையா, “குத்தாலிங்கம்” என்றார். பிறகு மறுபடி கட்டம்.

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் அம்பலவாணனைப் பார்த்தார்கள். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்து, செருப்பை மாட்ட மறந்து, ரயில்வே கேட்டைத் தாண்டி நடந்தார்.

குற்றாலிங்கம் ஒரு மிக்ஸியைக் கவிழ்த்துப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தான். வாசலில் நிற்கிற அண்ணனைப் பார்த்தான். ஸ்குரூ டிரைவரைக் கீழே வைக்கவில்லை.

“அம்மா ஃபைல் ஒண்ணு இருக்கு. ஒன்னயத்தான் கேக்குது,” என்றார் அம்பலவாணன்.

தம்பி எழுந்து கை கழுவினான். சட்டையை மாட்டினான். இருவரும் நெட் சென்டருக்கு நடந்தார்கள். மைதீன் வாலைப் பழையபடி மாற்றி வைத்திருந்தான். குற்றாலிங்கம் உட்கார்ந்து திரையைத் தொட்டான். அவன் வாயிலிருந்து அம்மாவின் குரல் வந்தது, அந்த இளைப்போடு.

“ஏல அம்பலம், குத்தாலிங்கத்துக்குச் சொல்லி விட்டாச்சா?”

அடுத்து அதே வாயிலிருந்து அம்பலவாணனின் குரல் வந்தது.

“சொல்லியாச்சும்மா. வந்துக்கிட்டே இருக்கான்.”

“அவன் வந்த பெறவுதான் என்னைய எடுக்கணும், கேட்டியா.”

“சரிம்மா.”

ஃபைல் அவ்வளவுதான். தன் பொய்யைத் தம்பியின் வாயால் கேட்ட அம்பலவாணனுக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார்.

குற்றாலிங்கம் உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

“எத்தன மணிக்கு எடுக்கீங்க?” என்றான்.

“நாலு மணிக்கு.”

மைதீன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கூடவே வந்தான். அம்பலவாணனின் வீட்டு வாசலில் சாமியானா கட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னறையில் ஐஸ் பெட்டிக்குள் இன்னும் எடுக்கப்படாமல் அம்மா படுத்திருந்தாள். பெட்டியின் கண்ணாடிமேல் படிந்திருந்த ஆறு வருஷத் தூசியை ஒருவர் துண்டால் துடைத்துவிட்டார். குற்றாலிங்கம் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

மணி நாலாகிவிட்டது. பாடை கட்டியவர் உள்ளே எட்டிப் பார்த்து, “எடுத்துரலாமா?” என்று கேட்டார்.

“கொஞ்சம் பொறுங்க,” என்றார் அம்பலவாணன். “தம்பி இப்பத்தான வந்திருக்கான்.”