மணி நான்கு

கல்லைப் பெயர்ப்பதற்கு முந்தின வாரம் சாலை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். சாலையை அகலப்படுத்துகிறார்கள். மதகுக்கு எதிரே நிற்கும் அப்பாவைப் பாராட்டி வைத்த கல்லை எடுத்துவிட்டு, அதே செய்தியைப் பெரிய பலகையில் எழுதி வைக்கப்போகிறார்களாம். வாசகத்தைக் குடும்பத்தார் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். குடும்பத்தார் என்றால் நான்தான்.

கல்லில் இருப்பது நான் எழுதிய வாசகம். 'பெருவெள்ளத்தன்று நான்கு முறை எச்சரிக்கை மணி அடித்து, மதகைத் திறந்து, ஊரைக் காத்தவர்.' அப்பா ஏரியின் மதகுக் காவலர். திறப்பதற்கு முன் நான்கு முறை மணி அடிக்க வேண்டும் என்பது விதி. அதைக் கேட்டதும் கீழ்க்கரையில் குடியிருப்பவர்கள் மேட்டுக்கு ஏறிவிடுவார்கள். அன்று ஏழு பேர் ஏறவில்லை; வெள்ளத்தோடு போனார்கள். மணி அடித்தும் அசையாத பிடிவாதக்காரர்கள் என்று எங்கள் வீட்டில் சொல்வோம். நான் வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன்.

"கீழ்க்கரைல அன்னிக்கு மணியே கேக்கலன்னு சொல்றாங்க சார். அந்த ஏழு பேரோட பேரையும் பலகைல போடச் சொல்லி எழுதிக் குடுத்திருக்காங்க. உங்ககிட்ட ஏதாவது ஆதாரம் இருக்கா?"

என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு என் அப்பாவுக்கு ஆதாரம் கேட்கிறாள்.  பீரோவைத் திறந்து, அப்பாவின் பணிக் குறிப்பேட்டை எடுத்து, அந்த நாளின் பக்கத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன். 'மணி நான்கு. மதகு திறப்பு.' அச்சடித்தது போன்ற கையெழுத்து.

படித்துவிட்டு மூடுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு பக்கம் பின்னால் புரட்டினாள்.

"சார், முந்தின நாள்ல 'மணி ஏழு. நீர்மட்டம் பதினாறு அடி'ன்னு இருக்கே. அன்னிக்கு ஏழு தடவ அடிச்சாரா?"

கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டாள். இன்னொரு பக்கம். மணி பதினொன்று. மணி இரண்டு. தண்ணீர்ச் செம்போடு வந்த என் தங்கை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அந்தப் பெண் குறிப்பேட்டை மூடினாள். மணி பற்றிய வரியை மட்டும் காலியாக விட்ட படிவம் ஒன்றை மேசையில் வைத்து, "யோசிச்சு நீங்களே எழுதிக் குடுங்க சார்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"நாப்பது வருஷம் பிள்ளைங்களுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தீங்க," என்றாள் தங்கை. "மணி நான்குன்னா என்னன்னு அந்தப் பொண்ணு வந்துதான் சொல்லணுமாண்ணா?"

"வாய மூடு. அப்பா பேர்ல சேறு பூசப் பாக்கறியா?"

"அப்பா ஒரு நாளாவது மணி அடிச்சேன்னு சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா?"

செம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கல் திறந்தபோது அப்பா உயிரோடு இருந்தார். துணியை விலக்கியதும் கிட்டே போய் இரண்டு தடவை படித்தார். "எழுத்து அழகா வந்திருக்குப்பா," என்றார், அவ்வளவுதான். அதன்பிறகு சாகும்வரை கடைத்தெருவுக்குச் சுற்றுவழியில்தான் போனார். மூட்டுவலிக்காரர் எதற்கு அவ்வளவு தூரம் நடக்கிறார் என்று நான் கேட்டதில்லை. தற்பெருமை பிடிக்காதவர் என்று ஊரில் சொன்னார்கள். நானும் அப்படியே சொன்னேன்.

இன்று காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மதகடிக்குப் போனேன். சட்டைப் பையில் பேனா. கக்கத்தில் குறிப்பேடு, அதற்குள் மடித்த படிவம். வரி இன்னும் காலியாகத்தான் இருந்தது. கடப்பாரையால் நெம்பிக் கல்லைச் சாய்த்து, கயிறு கட்டி லாரிக்குத் தூக்கினார்கள். மண்ணுக்குள் இருந்த பாதி ஈரமாகக் கறுத்திருந்தது.

"பெரியவரே, உங்க வீட்டுக் கல்லுதானே இது?" லாரிக்காரர் மேலிருந்து கத்தினார். "எழுத்து மேல இருக்கட்டுமா, கீழ இருக்கட்டுமா? சீக்கிரம் சொல்லுங்க, கயிறு தாங்காது!"

கல் அந்தரத்தில் மெல்லத் திரும்பியது. எழுத்துகள் ஒருமுறை கீழ்க்கரையைப் பார்த்தன. பிறகு என் பக்கம் வந்தன.