இரண்டு அங்கிகளும் என் முக்காடும்

அண்ணன் மன்சூருக்குச் சுல்தான் ஓர் அங்கி அனுப்பினார். தம்பி புதாக்குக்கு ஷா ஓர் அங்கி அனுப்பினார். பேரரசர் யாருக்கு அங்கி அனுப்புகிறாரோ அவனே மீர், நாட்டின் தலைவன். அப்பாவைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை, அதற்குள் எங்கள் ஹெலான் மலைநாட்டை ஆள இரண்டு மீர்கள். அப்பா உட்கார்ந்து ஆண்ட மெத்தையோ ஒன்றுதான்.

அங்கிக்கு ஈடாக இரண்டு பேரரசுகளும் கேட்டது ஒன்றையே. எதிராளியை ஒழித்துக்கட்டு. அந்த எதிராளி கூடப்பிறந்தவன் என்றால் சுல்தானின் இஸ்தான்புல்லுக்கு என்ன, ஷாவின் இஸ்ஃபஹானுக்கு என்ன? வலி எனக்குத்தானே. இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்தவள் நான், கெஸால்.

கானிரெஷ் ஆற்றுத் துறையில் இருவரும் எதிரெதிரே படையை நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வந்ததும் கோவேறு கழுதை மீது ஏறினேன். அந்தச் சனியன் வழியெல்லாம் முள்செடியைக் கண்டால் நின்றது. திட்டித் திட்டி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

போய்ச் சேர்ந்தபோது மேற்குக் கரையில் அண்ணன், அவனோடு சுல்தானின் துப்பாக்கிக்காரர்கள். கிழக்குக் கரையில் தம்பி, அவனோடு ஷாவின் சிவப்புத் தொப்பிக் குதிரைக்காரர்கள். மற்றபடி இரண்டு பக்கமும் எங்கள் குர்துகள்தான். அத்தை மகன் அங்கே, சித்தப்பா மகன் இங்கே. வாளை உருவுவதற்கு முன் வாயை உருவிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க மீரு அங்கி தடுக்கி ஆத்துல விழுந்துறப் போறாரு, பிடிச்சுக்குங்கடா."

"உங்க மீரு மூச்சு விட்டா பொத்தான் தெறிக்கும். தள்ளி நில்லுங்க, கண்ணுல பட்டுறப் போவுது."

இரண்டும் உண்மைதான். அண்ணனுக்கு அங்கி நீளம், தம்பிக்கு வயிற்றில் இறுக்கம். அளவு தெரியாதவன் தைத்து அனுப்பினால் அப்படித்தான் இருக்கும்.

முரசு அதிர்ந்தது. இருவரும் குதிரைகளை நீரில் இறக்கினார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் கழுதை ஓடியது. முரசுச் சத்தத்தில் மிரண்டு, என்னைத் தூக்கிக்கொண்டு நேரே ஆற்று நடுவில் இருந்த மணல்திட்டில் போய் நின்றது. குதித்து இறங்கினேன். முக்காட்டைப் பிடுங்கி மணலில் வீசினேன்.

முரசு அடங்கியது.

எங்கள் மலையில் ஒரு பெண் தன் முக்காட்டைச் சண்டைக்கு நடுவே போட்டால், ஒருவனும் அதைத் தாண்டமாட்டான். தாண்டியவன் வீட்டு ரொட்டியை யாரும் கையால் தொடமாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. அதைக் குனிந்து எடுத்து அவளிடம் கொடுப்பவன், சமாதானத்தை முதலில் கேட்டவன் ஆகிறான்.

"அக்கா, என்ன வேலை இது? எல்லாரும் பாக்குறாங்க, தலைய மூடு" என்றான் புதாக்.

"வந்து எடுத்துக் குடு, மூடிக்கிறேன்."

"அண்ணன் எடுக்கட்டும்."

"சின்னவன் அவன்தான். அவன் குனியட்டும்" என்றான் மன்சூர்.

"அவரு குனிஞ்சா தையல் விட்டுருமே" என்று பின்னாலிருந்து எவனோ சொன்னான். இரண்டு கரையும் சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு அக்ரூட்டுக்காக மண்டைய உடைச்சுக்கிட்ட பயலுங்கதானே நீங்க. இப்ப நாட்டையே உடைக்க வந்துட்டீங்க. ஒருத்தன் செத்தா இன்னொருத்தன் மூஞ்சில நான் எப்படிடா முழிப்பேன்?"

அப்போது பார்த்துக் காற்று வீசியது. முக்காட்டின் ஒரு முனை எழும்பியது, படிந்தது, மறுபடியும் எழும்பியது. ஆற்றில் விழுந்து அடித்துப் போய்விட்டால் என் பேச்சும் அதோடு போச்சு. போட்டவள் தொடக்கூடாது என்பதால் நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அத்தனை வீரர்களும் அந்தத் துணி முனையையே பார்த்தார்கள்.

பொறுமை இழந்தது ஷாவின் தளபதி. "ஒரு கந்தலுக்காகவா இத்தனை பேரும் மரமா நிக்கிறீங்க?" என்றவன் கையைக் காட்ட, சிவப்புத் தொப்பிக்காரன் ஒருவன் குதிரையை விரட்டி வந்தான். முக்காட்டை ஈட்டியால் குத்தித் தூக்கி, தலைக்கு மேலே ஆட்டினான். அவன் ஆட்கள் சிரித்தார்கள். எதிர்க்கரையில் சுல்தானின் ஆட்களும் சிரித்தார்கள். இரண்டு பேரரசுகளும் அன்று ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

குர்துகள் யாரும் சிரிக்கவில்லை.

புதாக் குதிரையிலிருந்து பாய்ந்தான். ஈட்டிக்காரன் காலைப் பிடித்து இழுத்துத் தண்ணீரில் தள்ளினான். அதைக் கண்ட சுல்தானின் தளபதிக்கு வாய்ப்புக் கிடைத்துவிட்ட சந்தோஷம்.

"அவங்களுக்குள்ளயே அடிச்சுக்கிறாங்க. சுடுங்க" என்று கத்தினான்.

துப்பாக்கிகள் என் தம்பி பக்கம் திரும்பின. அண்ணன் குதிரையிலிருந்து குதித்து, அந்த நீள அங்கியை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினான். துப்பாக்கி முனைகளுக்கு முன்னால் கையை விரித்து நின்றான்.

"சுடு. முதல்ல உங்க சுல்தான் குடுத்த அங்கில ஓட்டை போடு. அப்புறம் என் தம்பி மேல கை வை."

தளபதி முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு கரையிலிருந்தும் எங்கள் ஆட்கள் நீரில் இறங்கி வந்தார்கள், கிழக்கு எது மேற்கு எது என்று பார்க்காமல். எல்லா முகங்களும் அந்நியர்கள் பக்கமே திரும்பியிருந்தன. சிவப்புத் தொப்பிக்காரர்கள் மெல்லக் குதிரைகளைத் திருப்பினார்கள். துப்பாக்கிக்காரர்கள் முரசைக்கூட எடுத்துக்கொள்ளாமல் கிளம்பினார்கள்.

நான் மணலில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

புதாக் ஈட்டியோடு வந்தான். முக்காட்டை உருவி என் மடியில் போட்டான். "நான் ஒண்ணும் குனியலக்கா. ஈட்டிலேருந்துதான் எடுத்தேன்."

"நானும்தான் குனியல" என்றான் மன்சூர், நெஞ்சை நிமிர்த்தி.

அடப் பாவிகளா. உயிரைக் கொடுக்க வந்தவர்களுக்கு முதுகை வளைக்க முடியவில்லையாம். எழுந்தேன். முக்காட்டை மறுபடியும் மணலில் வீசினேன்.

"மெத்தைல யாரு உக்காருறதுன்னு முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் இது இங்கதான் கிடக்கும், நானும் இப்படியேதான் நிப்பேன்."

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சட்டென்று குனிந்தார்கள். நெற்றியும் நெற்றியும் டமாரென்று மோதின. தம்பியின் அங்கி முதுகில் மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. சிரிப்பில் ஆறே குலுங்கியது.

"பனி பெய்யிறப்ப கோட்டை மெத்தைல நீ உக்காரு" என்றான் மன்சூர், நெற்றியைத் தேய்த்தபடி. "மந்தையெல்லாம் மலையேறுற கோடைக்கு நான்."

"கோடைலதானே அண்ணே படை வரும்?"

"அதனாலதான்டா."

முக்காட்டை இருவரும் சேர்ந்தே நீட்டினார்கள். போட்டுக்கொண்டேன். அடுத்த வசந்தத்தில் புது அங்கிகள் வந்தன, வராமல் இருக்குமா? ஈட்டி போட்ட ஓட்டையை நான் தைக்கவே இல்லை. என் சகோதரர்களில் எவனாவது அங்கி மூட்டையைப் பிரிக்கக் கை வைத்தால், எதிரே போய் நின்று, அந்த ஓட்டையில் விரலை விட்டு ஆட்டிக் காட்டுவேன்.