வீட்டுக்கு வந்த ஏழு எடை மெஷின்கள்

உண்மையின் விலை அந்தக் கடையில் ஆயிரத்து இருநூறு. பேரம் பேசினால் ஆயிரத்து நூறுக்குப் படியும்; ஒரு வருட உத்தரவாதமும் உண்டு. எடை மெஷின் விற்கும் கடைக்காரருக்கு இதைச் சொல்லிச் சொல்லியே வாய் தேய்ந்துவிட்டது.

அதனால்தான் மனைவி, “உங்க மெஷின் பொய் சொல்லுதுங்க. நான் குண்டாத்தான் இருக்கேன், இது குறைச்சுக் காட்டுது” என்றபோது அவருக்குச் சுருக்கென்றது. கவலை மெஷினைப் பற்றித்தான். கூட்டிக் காட்டுகிறது என்று கடையேறிச் சண்டை போட்டவர்கள் உண்டு. இப்படியொரு புகாரை அவர் கேட்டதே இல்லை. முத்திரை குத்திய எடைக்கற்களைக் கொண்டுவந்து குளியலறை வாசலிலேயே சோதித்தார். இம்மி பிசகவில்லை. இருந்தாலும் மறுநாள் வேறொன்று மாற்றிக் கொடுத்தார். அப்புறம் கண்ணாடி வைத்தது, அப்புறம் பேட்டரி போட்டது. ஆறு மாதத்தில் ஏழு மெஷின்கள்.

அதற்குள் மனைவியின் சாப்பாடு, “இப்பத்தானே சாப்பிட்டேன்” என்ற ஒரு வரியாகச் சுருங்கியிருந்தது. எப்போதாவது சாப்பிட்டாலும் கை கழுவப் போனவர் திரும்ப வர நேரமாகும். உள்ளே குழாய் ஓடிக்கொண்டே இருக்கும். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. கடைக்காரரின் தங்கை வந்து, “அண்ணி, என்ன ரகசியம்? எனக்கும் சொல்லுங்களேன்” என்றாள். மனைவி பூரித்தார். “மெஷின் நம்ம கடையோடதும்மா” என்று கடைக்காரரும் பூரித்தார்.

ஒருநாள் காலையில் ஏழாவது மெஷினிலிருந்து இறங்கிய மனைவி அப்படியே சரிந்தார். கடைக்காரர் அள்ளித் தூக்கினார். முப்பது வருடமாக எடைக்கல் தூக்கிய கை அது. மனைவி எவ்வளவு லேசாகிவிட்டார் என்று கைக்குப் புரிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

டாக்டரம்மாவிடமும் அவர் பேரத்தை விடவில்லை.

“ஒரு மாசம் பார்ப்போமே டாக்டர். நல்லா ஆக்கிப் போட்டா சரியாயிடும்.”

“இவ்வளவு நாளும் போட்டீங்கல்ல. சாப்பிட்டாங்களா?”

அவர் ஏழு மெஷின்களும் காட்டிய எடையை எழுதிய சீட்டை நீட்டினார். டாக்டர் அதைப் பிரிக்கவே இல்லை.

“எடை குறையட்டும்னு காத்திருந்தீங்களா? சாப்பாட்டைக் கண்டா பயம், சாப்பிட்டா வாந்தி, எந்நேரமும் உடம்பைப் பத்தியே நினைப்பு. இதுல ஒண்ணு தொடர்ந்து இருந்தாலே வரணும், எடை சரியா இருந்தாலும். மயக்கம் வந்தா அன்னைக்கே வரணும்.”

“அப்ப மெஷின் எதுக்கு டாக்டர்?”

“உங்க வியாபாரத்துக்கு.”

அதுவரை சுவரைப் பார்த்திருந்த மனைவி மெல்லச் சொன்னார்: “ஏன் இத்தனை தடவை ஏறுறேன்னு இவரு ஒருநாள் கேக்கல. மெஷினைத்தான் மாத்திக் குடுத்தாரு.”

கடைக்காரர் நீட்டிய சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டார். பேரத்தை அவர் பாதியில் விட்டது அதுவே முதல் முறை.

ரத்தம், இதயம் எல்லாம் சோதித்தார்கள். மனநல ஆலோசகரிடம் வாரம் இருமுறை போகச் சொன்னார்கள். கடைக்காரருக்கும் ஒரு வேலை: ஒவ்வொரு வேளையும் எதிரே உட்கார்ந்து தானும் சாப்பிட வேண்டும், எடைப் பேச்சே கூடாது.

முதல் வாரம் இருபத்தொரு வேளை. முழுதாகச் சாப்பிட்டது ஆறு. பாதி, ஒன்பது. தட்டைத் தள்ளிவிட்டு அழுதது நான்கு. வாந்தி இரண்டு. எதிரே அவர் உட்கார்ந்தது இருபது. ஒரு மதியம் மொத்த வியாபாரி பிடித்துக்கொண்டார். அந்த ஒரு வேளை இன்னும் பாக்கி.