பொட்டு வைத்த வால்வு

வாஷிங் மெஷினுக்கும் குளியலறைச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் படுத்தால் மூச்சு விட மட்டும் இடமிருந்தது. மெக்கானிக் அப்படித்தான் படுத்திருந்தாள், வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு. சேலைக்கு மேல் போட்டிருந்த கம்பெனியின் நீலக் கோட்டு பாதி நனைந்துவிட்டது. வாசலில் வீட்டுக்காரப் பெண் இடுப்பில் கைவைத்து நின்றாள். அவளுக்குப் பின்னால் வாளி வாளியாக ஊறிய துணி. உள்ளறையில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரின் விரிப்புகள்.

"மெஷின் உறுமுது, ஆனா ஒரு சொட்டு உள்ள போகலக்கா. தண்ணி விடுற வால்வு போச்சுன்னு உங்க ஆபீஸ்ல போன்லயே சொல்லிட்டாங்க."

மெக்கானிக் டார்ச்சை வாயிலிருந்து எடுத்தாள். "போன்லயே கண்டுபிடிச்சிட்டாங்களா? அவங்களுக்கு ரொம்பக் கூர்மையான காது, தங்கச்சி."

மெஷினிலிருந்து ஹோஸைக் கழற்றி வாளிக்குள் விட்டுக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வாளியைக் குடைந்துகொண்டு விழுந்தது. ஹோஸும் எங்கும் மடங்கவில்லை. அப்படியென்றால் அடைப்பு மெஷினின் வாயில்தான். குழாயை மூடிவிட்டு, ஹோஸ் மாட்டும் துளைக்குள் குறடை விட்டுச் சின்ன வலையைப் பிடுங்கினாள். விரல் நகம் அளவு வலை, முழுக்க மணலும் துருவும்.

"மாடித் தொட்டி கழுவினாங்களா?"

"போன வாரம். அவங்க கழுவுனது தொட்டிய. அழுக்கெல்லாம் எங்க வீட்டுக்கு வந்துடுச்சு."

இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. சூப்பர்வைசர்.

"என்னம்மா, வால்வு போட்டாச்சா?"

"வால்வு நல்லா இருக்கு சார். வலையில மண்ணுதான் அடைச்சிருக்கு."

"மண்ண யாரும்மா காசு குடுத்து வாங்குவா? இந்த வாரம் பூரா வெறும் பையோட வந்திருக்க. இன்னிக்கும் வெறுங்கையோட வந்தா நாளைக்கு வர வேண்டாம்."

சாயங்காலம் எல்லா மெக்கானிக்கும் அன்றைக்குக் கழற்றிய பழைய பாகத்தை அவர் மேசைத் தட்டில் வைக்க வேண்டும். வைத்தால்தான் புதிது விற்றதாகக் கணக்கு. தங்களுக்குள் அதைப் படையல் என்பார்கள். லாரியிலிருந்து விழுந்து முதுகொடிந்த அவள் கணவன் வீட்டோடு கிடக்கிறான். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. இதற்கு முன் மாற்றச் சொன்னபோதெல்லாம் மாற்றத்தான் செய்திருக்கிறாள், நல்ல வால்வையும்கூட.

பையிலிருந்த புதுப் பெட்டியை எடுத்துப் பிரித்தாள். வால்வு பளபளவென்றிருந்தது. திருப்பிப் பார்த்தாள். திருகுத் துளையின் ஓரப் பள்ளத்தில் சிவப்பாக ஒரு துளி.

நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். நகப்பூச்சு. இருட்டு மூலையில் பழசும் புதுசும் மாறிவிடக் கூடாதென்று, கழற்றிய பாகத்துக்கு உடனே மகளின் நகப்பூச்சில் ஒரு பொட்டு வைப்பது அவள் பழக்கம். 'பூதான் வைக்கல' என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். யாரோ ஒருத்தி வீட்டில் அவளே பிடுங்கிய வால்வு இது. துடைத்துப் பெட்டியில் போட்டு, அவள் கையாலேயே இன்னொருத்தி தலையில் கட்டப் பார்க்கிறார்கள்.

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. பழைய டூத் பிரஷ் இருந்தா குடு. அப்படியே ஒரு துண்டுத் தாளும்."

வலையைத் தேய்த்துக் கழுவினாள். வந்த மண்ணைத் தாளில் கொட்டி மடித்துக்கொண்டாள். அடுத்த முறை அடைத்தால் குழாயை மூடிவிட்டு எப்படி வலையை எடுப்பதென்று அந்தப் பெண்ணையே கழற்றி மாட்ட வைத்தாள். பொத்தானை அழுத்தியதும் மெஷினுக்குள் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. உள்ளறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "மழையாடி?"

"மெஷினு, அத்தே!" என்று கத்திய பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் மெக்கானிக்குகள் மேசை முன் வரிசையில் நின்றார்கள். அவள் முறை வந்ததும் தாள் பொட்டலத்தைத் தட்டில் பிரித்து வைத்தாள்.

"என்னம்மா இது?"

"இன்னிக்குக் கழட்டுனது சார். மண்ணு."

வரிசையில் யாரோ சிரித்து, சிரிப்பை விழுங்கினார்கள். பொட்டிருந்த வால்வையும் பக்கத்தில் வைத்தாள். "இது போன மாசம் கழட்டுனது. என்கிட்டயே புதுசுன்னு குடுத்திருக்கீங்க."

"துடைச்சா புதுசுதான்." அவர் குரலை உயர்த்தவேயில்லை. "கோட்டக் கழட்டி வெச்சிட்டுக் கிளம்பு."

கோட்டைக் கழற்றினாள். அதன் பையிலிருந்த நகப்பூச்சுக் குப்பியை எடுத்துக்கொண்டு, கோட்டை மடித்து மேசையில் வைத்தாள். பிறகு குப்பியைத் திறந்து, தட்டில் கிடந்த ஒவ்வொரு வால்வுக்கும் பெரிதாகப் பொட்டு வைக்க ஆரம்பித்தாள்.

"ஏய், என்ன பண்ற?"

"இந்தப் பூச்சு என்னுது சார், கம்பெனிது இல்ல. பெட்டியப் பிரிக்கிறவங்களுக்கு விஷயம் தெரியட்டும்."

யாரும் அவளைத் தடுக்கவில்லை. வரிசையில் நின்ற மூத்த மெக்கானிக் தன் பையிலிருந்த வால்வை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். அதற்கும் வைத்தாள். குப்பியை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு, வெறும் சேலையோடு தலை நிமிர்ந்து வெளியே நடந்தாள்.

மாடிப்படி திரும்பும் இடத்தில் சரக்கறையின் ஜன்னல் இருந்தது. ஸ்டோர் பார்க்கும் பெண்ணின் முன்னால் அதே தட்டு அதற்குள் வந்துவிட்டது. புதுப் பெட்டிகள் வாய் திறந்து காத்திருந்தன. அந்தப் பெண் தலை நிமிராமல் துணியில் பெயிண்டைக் கரைக்கும் தின்னரை ஊற்றினாள். பொட்டுகள் இன்னும் காய்ந்திருக்கவில்லை. ஒரே இழுப்பில் அழிந்துவிட்டன.