மேஸ்திரி மகனின் நெஞ்சுப் படம்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்தாம்: மேஸ்திரி சிவனாண்டி, அவர் மனைவி செல்லக்கனி, மகன் தாணுலிங்கம், கல்யாணத்துக்கு நின்ற மகள் சந்தனமாரி, மேஸ்திரியின் கேங்கில் மூட்டை தூக்கும் இசக்கியப்பன். வேறு ஒருவரும் இல்லை. செல்லக்கனி கதவைச் சாத்தித் தாழ் போட்டிருந்தாள். பட்டப்பகலில் அந்த வீட்டுக் கதவு சாத்திக் கிடந்ததே சிவனாண்டிக்கு அவமானமாக உறுத்தியது.

தூத்துக்குடிப் புது ஹார்பரில் கிரேன் ஓட்டும் பயிற்சிக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிவனாண்டியும் அவர் தகப்பனாரும் தோணிக்கு உப்பு மூட்டை ஏற்றியே பெயர் எடுத்தவர்கள். பழைய துறைமுகம் தோளைக் கேட்டது, கொடுத்தார்கள். புது ஹார்பர் பதினொன்றாம் வகுப்பையும், நல்ல கண்ணையும், சுத்தமான நெஞ்சையும் கேட்டது. மகனை மூட்டைக்கு அனுப்பாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியபோது, "மேஸ்திரி மவன் சட்டை கசங்காமத்தான் சுமை தூக்குவான் போல" என்று கேங் முழுக்கச் சிரித்தது. அந்தக் கேங்கு வீடுகளில் பதினொன்று தேறியவன் இன்றைக்கு அவன் ஒருவன்தான். எழுத்துப் பரீட்சையும் தேறிவிட்டான். வெள்ளிக்கிழமை துறைமுக டாக்டர் பார்க்க வேண்டும். அதற்குள், விடாத இருமலுக்காக வேறொரு டாக்டர் எடுத்த படத்தில் நெஞ்சில் நிழல் தெரிந்துவிட்டது. காசநோய்.

இசக்கியப்பன் குரலைத் தாழ்த்தினான். "அண்ணாச்சி, இதுக்குப் போயி ஏன் மலைக்கிய? என் மவன் கல்லு மாதிரி இருக்கான். தாணு பேரச் சொல்லி அவன் போயி மிசின்ல நெஞ்ச வைக்கட்டும். படத்துல மூஞ்சியா தெரியப்போவுது?"

அவனுக்கு அதில் களவு ஒன்றும் தெரியவில்லை. கேங்கின் வழக்கமே அதுதான். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் தம்பியோ மச்சானோ வந்து அவன் பேருக்கு நிற்பான். பேர் கூப்பிட்டால் "இருக்கேன்" என்பான். சிவனாண்டியும் கண்டுகொள்ள மாட்டார். காய்ச்சல்காரன் வீட்டில் அடுப்பு எரியும்.

"அப்படியே செய்யுங்க," என்றாள் செல்லக்கனி. "நெஞ்சுநோய் வீடுன்னு ஒரு தடவ பேராயிட்டா சந்தனமாரிய எவன் கட்டுவான்?"

"என் தலையில போடாதம்மா," என்றாள் சந்தனமாரி. "அண்ணன் வெளிறிப்போயி நிக்கான். அதப் பாரு மொதல்ல."

சிவனாண்டிக்கும் ஆசை இல்லாமல் இல்லை. மகன் கிரேன் உச்சியில் உட்காருவதை அவர் மனதுக்குள் எப்போதோ பார்த்து முடித்திருந்தார். முதுகு வளையாமல் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"ஏலே தாணு, அந்தக் கிரேனு எம்புட்டு தூக்கும்?"

"டன் கணக்குல தூக்கும்பா."

"கொக்கிக்குக் கீழ யாரு நிப்பா?"

"நம்ம ஆளுகதான். இசக்கி மாமால்லாம் நிப்பாவ."

"அந்நேரம் மேல இருக்கவனுக்கு இருமல் வந்து கண்ணக் கட்டுனா?"

இசக்கியப்பன் தன்னை அறியாமல் உச்சந்தலையைத் தடவிக்கொண்டான்.

"என் கேங்குல இதுவரை ஒருத்தன் தலையிலயும் சரக்கு விழுந்ததில்ல," என்றார் சிவனாண்டி. "என் மவன் போட்டான்னு பேரு வரக்கூடாது. மூட்டைக்குப் பதிலாளு நிக்கலாம். இதுக்கு முடியாது. ஏளா, கதவத் திற."

மறுநாள் சலவை வேட்டியும் துண்டுமாக மகனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஊசி போடக் கிளம்பினார். சந்து வழி ஒன்று இருந்தது. அவர் கடைத்தெரு வழியாகவே போனார். ஆஸ்பத்திரிக்கு நெஞ்சுநோய்க்காரர்கள் முக்காடு போட்டுப் பின்வாசலில் வருவதுதான் வழக்கம். நர்ஸ் பிளாரன்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"முன்வாசல்லயா வாரிய, அண்ணாச்சி?"

"பின்வாசல் எங்களுக்கு எதுக்கும்மா?"

"ஒரு நாள் தவறுனாலும் நான் வீட்டுக்கே வந்துருவேன்."

"வாங்க. காப்பி உண்டு."

வெள்ளிக்கிழமை போயிற்று. பயிற்சிக்கு வேறு ஆள்கள் போனார்கள். டீக்கடையில் தாணுவுக்கென்று தனித் தம்ளர் வந்தது. அதைப் பார்த்த சிவனாண்டி, "கழுவி எனக்கும் அதுலயே ஊத்து," என்று வாங்கிக் கடை நடுவில் நின்று குடித்தார். அதற்குப் பிறகு தனித் தம்ளர் வரவில்லை. ஓராண்டுக்கு மேல் ஊசியும் மாத்திரையும் ஓடின. கன்னத்தில் சதை பிடித்தது. அடுத்த தடவை ஆள் எடுத்தபோது தாணுலிங்கம் தன் சொந்த நெஞ்சையே காட்டினான். படம் சுத்தமாக இருந்தது.

அவன் முதல் தடவை மேலே ஏறிய அன்று கேங் கீழே நின்றது. "ஏலே தாணு, தும்மிராதலே!" என்று இசக்கியப்பன் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். சிவனாண்டி சிரிக்கவில்லை. கொக்கி இறங்கும்போது தன் ஆள் ஒருவன்கூட ஒதுங்காமல் நின்றதைப் பார்த்துக்கொண்டார். அது போதும் அவருக்கு.

சந்தனமாரியைப் பெண் கேட்டு ஓட்டப்பிடாரத்திலிருந்து வந்தார்கள். செல்லக்கனியின் சொந்தக்காரர்கள் நல்லெண்ணத்தில் அங்கே ஒரு பேச்சைப் பரப்பி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் அதைத் தாராளமாக எடுத்து வைத்தார்.

"உங்க பையனுக்கு அன்னைக்கு வந்தது வெறும் நெஞ்சுச்சளிதானாமே. ஊருல பெரிய வியாதின்னு கதை கட்டிட்டானுவளாம்."

அடுக்களை வாசலில் செல்லக்கனி ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"சளி இல்ல," என்றார் சிவனாண்டி. "காசநோய். ஊசி போட்டான், மாத்திரை தின்னான், குணமாச்சு."